உத்தரவு வந்த நேரம்

அந்தக் கோப்பை ஸ்ரீரஞ்சனி அன்றைக்கே நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். 'குற்றம் சாட்டப்பட்டவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், வேறு ஆளை நியமியுங்கள்' என்று இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. குற்றவியல் உளவியல் படிப்பவர்களுக்கு முதல் மாதமே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவள்தான். தெரிந்தும் கோப்பை வைத்துக்கொண்டாள். ஆசை, வேறென்ன?

முதல் பக்கத்தில் இருந்த பெயர் சாரங்கபாணி, வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற லஸ்கர். ஆற்று மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் லஸ்கர் என்றுதான் சொல்வார்கள். ஸ்ரீரஞ்சனியின் அப்பா சாம்பசிவம் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்தபோது, ஆற்றங்கரைக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இந்த சாரங்கபாணி இருந்தார். ஸ்ரீரஞ்சனிக்கு அவர் லஸ்கர் மாமா. அவர் மனைவி ஆனந்தவல்லி தினமும் சாயங்காலம் அவளை உட்காரவைத்து, மரிக்கொழுந்து வைத்துப் பின்னிவிடுவாள். தலையை இழுக்கிற இழுப்பில் கண்ணில் தண்ணீர் வரும். ஆனாலும் அடுத்த நாள் போய் உட்காராமல் இருக்க முடியாது.

அந்த லஸ்கர் மாமாதான் இப்போது கிளைச் சிறையில். ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை, தான் வேலை பார்த்த வடிகால் மதகின் பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கிவிட்டார். மூன்றும் ஐப்பசி மழையில். முதல் இரண்டு முறை திட்டி, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை வடிகாலுக்குள் ஆட்கள் சிமென்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போனதில் சதீஷ் என்ற தொழிலாளிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. புகழேந்தி என்பவர் குத்தகைக்குப் பயிரிட்ட குறுவை நெல், அறுக்க நாலு நாள் இருக்கும்போது மூழ்கியது. பணம் வாங்கிக்கொண்டு திறந்தார் என்றது ஒரு கட்சி. துறைமேல் பழைய வன்மம் என்றது இன்னொன்று. குடி என்றது போலீஸ். ஆனால் அவருக்குக் குடிப் பழக்கமே கிடையாது. நீதிமன்றம் கேட்டது ஒன்றுதான்: இந்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார், சிறைக்கு அனுப்பவா, சிகிச்சைக்கு அனுப்பவா?

அதற்கு எழுத வேண்டியதற்கு கேஸ் ஃபார்முலேஷன் என்று பெயர். பெயர்தான் பெரிது. ஒரு மனிதன் இந்தக் குற்றத்தை, இந்த விதத்தில், இந்த நேரத்தில் செய்ததன் காரணத்தை ஒரே தாளில் கோத்து எழுதுவது, அவ்வளவுதான். சிகிச்சை அந்தத் தாளிலிருந்துதான் பிறக்கும். தாளில் ஐந்து கட்டம்: என்ன நடந்தது, எது அடிப்படை, எது தூண்டியது, எது தொடரவைக்கிறது, எது காப்பாற்றுகிறது. ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம், இதில் ஐந்து. இதிலும் ஒரு கட்டத்தைத் தப்பாகப் போட்டால் ஒருவர் வாழ்க்கை வீண்தான்.

முதல் சந்திப்பில் அவர் அவளை உடனே கண்டுகொண்டார். சிறை அதிகாரியின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேஜை, இரண்டு நாற்காலி.

"இன்ஜினியர் ஐயா பொண்ணுதானே? ரஞ்சனிப் பாப்பா?"

"ஆமா மாமா. உங்களைப் பத்தி ஒரு ரிப்போர்ட் எழுதணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"எழுதும்மா, எழுது. அப்பா மாதிரியே பேனாவை மூடியோட கடிக்கிறியே, இன்னும் விடலையா?"

அவ்வளவுதான், ரிப்போர்ட் போன இடம் தெரியவில்லை. இரண்டு சந்திப்பும் பழைய கதையிலேயே கரைந்தன. ஜூன் மாதம் புதுத்தண்ணீர் வருகிற நாளைப் பற்றி அவர் சொன்னார். காய்ந்த மணலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நாய்க்குட்டி மோந்து பார்ப்பதுபோல ஒவ்வொரு பள்ளமாக நின்று நின்று தண்ணீர் வரும். ஸ்ரீரஞ்சனி அதன் கூடவே பின்னால் நடந்து போவாள். தண்ணீர் தன் காலைத் தொடக் கூடாது என்று அவளுக்கு அவளே ஒரு பந்தயம். ஒரு தடவை தோற்று, பாவாடையெல்லாம் நனைந்து அழுதாள். "அழாதே பாப்பா, மேட்டூர்லேருந்து உன்னைப் பாக்கத்தானே இத்தனை தூரம் வந்திருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் சிரிச்சே பாரு" என்றார். அவளுக்கு அது நினைவில்லை. நினைவில்லாத சந்தோஷத்தை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாம் சந்திப்பின் கடைசியில் அவளும் ஒன்று சொன்னாள். அவள் வாழ்க்கையில் எல்லாவற்றையும்விடப் பிடித்த நாளைப் பற்றி.

"அப்பா எதுக்குமே வந்ததில்ல மாமா. ஸ்கூல் ஆண்டு விழா, பேரன்ட்ஸ் மீட்டிங், எதுக்கும். எப்பப் பாத்தாலும் ஆறு, மதகு, போன். ஒரே ஒரு தடவைதான் வந்தார். ஏழாவது படிக்கிறப்போ திருவையாறுல பாட்டுப் போட்டி. பேய் மழை. முதல் வரிசையில உட்கார்ந்து முழுசாக் கேட்டார். பரிசு வாங்குற வரைக்கும் போகக் கூடாதுன்னு நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். இருந்தார். எனக்குத்தான் முதல் பரிசு."

சாரங்கபாணி "ஏழாவதா?" என்று கேட்டார். "ஐப்பசியா அது?"

"ஆமா, தீபாவளி முடிஞ்ச வாரம்."

அவர் எழுந்தார். "போதும் டாக்டரம்மா. தலை வலிக்குது" என்று காவலரைக் கூப்பிட்டார். அதுவரை பாப்பா என்றவர் டாக்டரம்மா ஆக்கிவிட்டாரே என்று அவளுக்குச் சுருக்கென்றது. மூன்றாம் சந்திப்பில் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். சதீஷின் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கி என்று அவள் சொன்னதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அன்று அவள் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினாள். அந்த இரண்டு வார்த்தைக்காகப் பிறகு வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஞாயிறு காலை தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். அடிப்படை என்ற கட்டத்தில், இருபது வருடத்துக்கு முன் கரை உடைந்து மனைவி இறந்தது. ஆனந்தவல்லி போன விஷயம் அவளுக்குத் தெரியும். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் அப்பா மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பினார். வெள்ளச் சமயத்தில் அவளை உறவுக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள்; எந்த நாள், எந்த நேரம் என்பதெல்லாம் பெரியவர்கள் பேச்சு, குழந்தையின் காதுக்கு வரவில்லை. தூண்டியது எது? ஓய்வு பெற்றது, வேலை போனதும் வேலை செய்த இடத்தைத் தேடிப் போகிறார் என்று எழுதியிருந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பாடப் புத்தகத்தில் அப்படியே தூக்கிப் போடலாம். ஆனால் காப்பாற்றுவது எது என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. பதினெட்டு வருடம் அந்த மனிதர் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறாரே, ஐப்பசிக்கு ஐப்பசி மழை பெய்யத்தானே செய்தது? அப்போதெல்லாம் அவரைப் பிடித்து வைத்திருந்தது எது?

மறுபடி கோப்பைப் புரட்டினாள். இப்போதைய லஸ்கர் கொடுத்த வாக்குமூலத்தில், முன்பு படித்தும் கண்ணில் படாத ஒரு வரி இருந்தது. 'பூட்டை உடைப்பதற்கு முன்னால் அவர் நேராக நின்று, மூணடி தூக்கறேங்கய்யா, மூணடி தூக்கறேங்கய்யா என்று தனியாகச் சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை.' போலீஸ் இதை வைத்துத்தான் குடி என்றிருக்கிறது.

ஸ்ரீரஞ்சனிக்கு அது என்னவென்று தெரியும். குடியிருப்பில் வளர்ந்த குழந்தை எதற்கும் தெரியும். லஸ்கர் தானாக ஷட்டரைத் தொடக் கூடாது. பொறியாளர் போனில் உத்தரவு சொல்ல வேண்டும். சொன்னதை லஸ்கர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பதிவேட்டில் உத்தரவு வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கைப்பிடியில் கை வைக்கலாம். சொல்வது, திருப்பிச் சொல்வது, எழுதுவது. அவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார், யாரும் சொல்லாத உத்தரவை.

கோப்பின் அடியில் பழைய பணியிடை நீக்க ஆணையின் நகல் ஒன்று இருந்தது. உத்தரவு மாலை 4.20க்கு வந்ததாகப் பதிவேட்டில் சாரங்கபாணியின் கையெழுத்தில் இருக்கிறது; ஷட்டர் திறந்ததோ இரவு ஏழரைக்கு; மூன்று மணி நேரம் தாமதித்ததால் வாய்க்கால் கரை உடைந்து ஒருவர் இறந்தார்; எனவே பணியிடை நீக்கம். இறந்த அந்த ஒருவர் அவருடைய மனைவிதான். ஆணையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலே வெள்ளம் வந்த தேதி இருந்தது.

அவள் தேதியை இரண்டு முறை படித்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் பரிசுச் சான்றிதழை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, எத்தனை வீடு மாறியும் தொலைக்காமல் வைத்திருந்த ஒரே காகிதம் அது. அதே தேதி.

பிறகு நினைவு தானாகவே வந்தது. அதுவும் அவள் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த நினைவுதான். போட்டி முடிந்து அப்பாவின் ஸ்கூட்டரில் திரும்பும்போது, திருவையாற்றுக் கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வண்டி நின்றது. அப்பா உள்ளே போய்க் கத்திப் பேசினார். மழையில் லைன் சரியில்லை போலிருக்கிறது. "மூணடி! மூணடி தூக்கு!" கண்ணாடிக்கு வெளியே பரிசுக் குடத்தை அணைத்துக்கொண்டு நின்றவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, தானும் மூணடி மூணடி என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா வெளியே வந்து, பக்கத்துக் கடையில் சூடாக அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். நெய் சொட்டச் சொட்டத் தின்றாள். பூத்துக்குள் சிவப்பு எண்ணில் கடிகாரம் எரிந்துகொண்டிருந்தது. 7.20.

நான்கு இருபதுக்கு அவள் மேடையில் பாடிக்கொண்டிருந்தாள். அப்பா முதல் வரிசையில் இருந்தார்.

சென்னையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மா மதுரத்துக்குப் போன் செய்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல் எதையோ கேட்டு, கடைசியில், "அப்பா ஐப்பசில எங்கயாவது போவாராம்மா?" என்றாள்.

"ஏன் போகாம? வருஷா வருஷம் சுவாமிமலைக்குன்னு கிளம்பிடுவார். காலம்பற பஸ் ஏறினா ராத்திரிதான் வருவார். பதினெட்டு வருஷம் போனார், ஒரு தடவை கூட அவர் கையில விபூதிப் பொட்டலம் வந்ததில்லை. கேட்டா மறந்துட்டேன்பார். சாமி கும்பிடப் போறவர் பிரசாதத்தை மறப்பாரோ? நானும் விட்டுட்டேன்."

"ஏம்மா விட்டே?"

"அன்னிக்கு ஒரு நாள்தான் அவர் நன்னாத் தூங்குவார். அதை எதுக்குக் கெடுக்கணும்?"

அப்பா இறந்தது இரண்டு வருடத்துக்கு முன், ஆவணியில். அதற்கு அடுத்து வந்த ஐப்பசியில் மதகுப் பூட்டு முதல் முறையாக உடைந்தது.

மறுநாள் காலை நீதிமன்றத்தில் ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, நேராகச் சிறைக்குப் போனாள். நோட்டையும் பேனாவையும் வெளியிலேயே வைத்துவிட்டாள்.

"மாமா, அன்னிக்கு அப்பா எங்க இருந்தார்னு உங்களுக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. நான்தான் வந்து சொல்லியிருக்கேன். அதுவும் சிரிச்சுக்கிட்டே."

சாரங்கபாணி மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "வெளி வேலையாப் போயிருந்தேன்னுதான் ஐயா சொன்னாரு. நானும் ஆத்துப் பக்கம் எங்கயோ நிக்கிறாருன்னு நெனச்சேன்" என்றார்.

"கோவமா?"

"கோவந்தான். ரெண்டு நாள் சோறு எறங்கல. பெத்த புள்ள பாட்டை ஒரு மனுசன் கேக்கக் கூடாதான்னும் தோணுது. எம்பொண்டாட்டி போயிட்டாளேன்னும் தோணுது. ரெண்டும் ஒண்ணாவே தோணுது, நான் என்ன பண்ண?"

பிறகு அவராகவே சொன்னார். அன்று மூன்றரைக்கே தண்ணீர் மதகுச் சுவரில் இருந்த அபாயச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஆபீசுக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போட்டார், மதுரம் அன்று ஊரில் இல்லை, அங்கேயும் அடித்துக்கொண்டே இருந்தது. உத்தரவில்லாமல் திறந்த ஒரு லஸ்கர் முந்தின வருடம்தான் வேலையை இழந்திருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். ஏழு மணிக்குக் கீழ்த்தெருப் பக்கம் கரை உடைந்த சத்தம் கேட்டது. ஏழு இருபதுக்குப் போன் வந்தது; பதிவேட்டில் எழுதாமலே ஓடிப்போய்த் திறந்தார். எட்டரைக்குச் சாம்பசிவம் வந்து, பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டார். ஏழு இருபது என்றிருந்தால் என் வேலை போய்விடும், நாலு இருபது என்றால் உனக்கு ஒரு சஸ்பென்ஷனோடு முடியும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

"எழுதிட்டேன். கன்னுக்குட்டியை அவுக்கப் போனவ தண்ணில போயிட்டான்னு விடியக்காலந்தான் தெரிஞ்சுது. ஐயாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவரு கேட்டிருக்க மாட்டாரு, நானும் எழுதியிருக்க மாட்டேன்."

"வருஷா வருஷம் அப்பா உங்க வீட்டுக்குத்தான் வந்தாரா?"

"அந்தத் தேதிக்குத் தவறாம வருவாரு. ஆனந்தவல்லி படத்துக்குப் பூ வாங்கிட்டு வருவாரு. டீ போடுவேன். குடிச்சிட்டு எந்திரிச்சு நின்னு, 'மூணடி தூக்கு சாரங்கபாணி'ம்பாரு. நானும் எந்திரிச்சு, 'மூணடி தூக்கறேங்கய்யா'ம்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அன்னிக்கு நெஞ்சுல இருக்கிற தண்ணி வடிஞ்சாப்புல இருக்கும். ஒரு வருஷம் தாங்கும். ஐயா போனதுக்கப்புறம் யாரு வந்து சொல்லுவா? தண்ணி கோட்டைத் தொட்டுடுச்சுன்னா எனக்குக் காதுல போன் மணி அடிக்க ஆரம்பிச்சிடும்மா. எடுக்கத்தான் யாரும் இல்ல."

மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்து, "ஒரு வருஷம்கூட அதை முழுசா முடிக்கல" என்றார். "உத்தரவைத் திருப்பிச் சொன்னதும் நான் கேப்பேன், மணி எத்தனைன்னு போடட்டும்ங்கய்யான்னு. அதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாரு. துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிடுவாரு."

அன்று மாலை அவள் தாளை மறுபடி எழுதினாள். மூன்று முறை பேனாவைக் கீழே வைத்தாள். தூண்டியது என்ற கட்டத்தில் ஓய்வை அடித்துவிட்டு, 'ஆண்டுதோறும் வந்த ஒருவரின் இறப்பு' என்று எழுதினாள். காப்பாற்றுவது என்று காலியாகக் கிடந்த கட்டத்தில், அந்த ஒருவர் வருடா வருடம் வந்து உத்தரவு சொன்னதையும் எழுதினாள். ஒருவர் என்று எழுதியது அவளுக்கே பிடிக்கவில்லை. குற்றவாளிகளிடம் மட்டும் முழுப் பெயரைக் கேட்டு வாங்கிப் பழகியவள். அடித்துவிட்டு, 'உதவிப் பொறியாளர் சாம்பசிவம், என் தந்தை' என்று எழுதினாள். எழுதிவிட்டு ஓவென்று அழுதாள். அப்பாமேல் கோபம், கையைப் பிடித்து உட்காரவைத்த பன்னிரண்டு வயதுப் பெண்மேல் கோபம், இத்தனைக்கும் பிறகு அந்த நாள் இன்னும் இனிப்பாகத்தான் இருக்கிறதே என்று அதன்மேலும் கோபம்.

தாளோடு ஒரு கடிதமும் போனது: இந்த வழக்கை நான் எடுத்திருக்கவே கூடாது, வேறு உளவியலாளரிடம் ஒப்படையுங்கள், என்னைச் சாட்சியாக விசாரியுங்கள், பதிவேட்டில் உள்ள நேரம் பொய் என்பதைச் சொல்ல நான் தயார். வழக்கு ஷோபனா என்ற மூத்த உளவியலாளரிடம் போனது. அவர் நன்றாகத் திட்டினார், பிறகு தாளைப் படித்தார். அடுத்த மாதம் சாரங்கபாணியை நன்னடத்தைப் பிணையில் விட்டு, சிகிச்சைக்கு உத்தரவானது. வாரம் ஒரு அமர்வு. மழை நாட்களில் அவர் மதகுப் பக்கம் போகக் கூடாது. தண்ணீர் ஏறினால் பேச ஒரு எண், எடுக்க ஒரு ஆள். சதீஷை அவர் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், சதீஷ் சம்மதித்தால்.

அவர் வெளியே வருவதற்கு முந்தின நாள் ஸ்ரீரஞ்சனி மனுப் போட்டு, மற்றவர்களோடு வரிசையில் நின்று அவரைப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அவள். சுவர்க் கடிகாரத்தில் காலை பதினொன்றேகால். பக்கத்தில் ஒரு அம்மாள் மகனை நன்றாக வைதுகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ரிப்போர்ட்தான் முடிஞ்சுதே?"

"டாக்டரா வரலை மாமா. இன்ஜினியர் பொண்ணா வந்திருக்கேன்."

அவர் புரிந்துகொள்ளாமல் பார்த்தார். அவள் நேராக நின்றாள். குரல் நடுங்கியது. மேடையில்கூட அப்படி நடுங்கியதில்லை.

"மூணடி தூக்குங்க மாமா."

பக்கத்து அம்மாள் வைவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாரங்கபாணி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மூணடி தூக்கறேங்க." கூடவே வழக்கமான கேள்வியையும் கேட்டார். "மணி எத்தனைன்னு போடட்டும் பாப்பா?"

"ஏழு இருபது."

அவர் தலையை ஆட்டினார். வலைக்குக் கீழே இருந்த மரச் சட்டத்தில் ஆள்காட்டி விரலால் மெதுவாக எழுதினார். எழுதி முடித்து, அதற்கு அடியில் கையெழுத்தும் போட்டார்.